தலை கெட்டி என்று சொல்லும் பிள்ளைகள்: மொரீசியஸ் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியத் தோழர்களே, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் தமிழ் சொல்லித்தருகிறவர்களுக்கும், சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து வகுப்பெடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். 31 ஆண்டுகள் நானும் அந்த வேலை பார்த்தவன். ‘கிரேடு’ என்ற பெயர் வருவதற்கு முன், ‘ஸ்டாண்டர்டு’ என்று சொன்ன காலத்தில் சேர்ந்தேன். தொடக்கப்பள்ளி முடிவுத் தேர்வில் சிபிஇ போய் 2017இல் பிஎஸ்ஏசி வந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அதனால் வெளியில் நின்று புத்தி சொல்கிறான் என்று நினைக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம். என் பேரன் கிரேடு 5 படிக்கிறான். பள்ளி விட்டதும் லெசோன் என்ற தனிப்பயிற்சி வகுப்பு. அது முடிந்து வீடு வர ஐந்தரை ஆகிவிடும். சமையலறை மேசையில் வரலாறு புவியியல் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தான். ஐந்தாவது முறை பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, “மோ லாதெத் தீர், தாத்தா” என்றான். கிரெயோலில் அதற்கு என் தலை கெட்டி என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் மரமண்டை என்பார்கள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கண்ணின் நிறத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் கேட்டது அன்றைக்கு முதல் முறையல்ல, சொன்னதும் உண்டு. “மண்டையில ஏறலையா உனக்கு?” என்று எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டிருப்பேன்.

அவனிடம் கேட்டேன்: “படிக்கிறது தலைக்குள்ளே எப்படிப் போகுதுன்னு தெரியுமா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிறைய தடவை வாசிச்சா போகும்” என்றான். யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லையாம். செடியின் வேர் என்ன செய்கிறது, சோறு வயிற்றில் என்ன ஆகிறது என்பதெல்லாம் கடகடவென்று சொன்னான். பள்ளிக்கூடத்தில் தினமும் ஆறு மணி நேரம் எதை வைத்து வேலை செய்கிறானோ, அந்த உறுப்பைப் பற்றி மட்டும் அவனுக்கு ஒரு வரி தெரியவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். கற்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தாருங்கள். அதையும் தமிழ் வகுப்பில் வைத்துச் சொல்லித்தாருங்கள்.

அது அறிவியல் ஆசிரியர் வேலை ஆயிற்றே, நமக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம், அதில் இது வேறா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கணக்கிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு பிள்ளை வகுப்புக்குள் வரும்போதே கெட்டிக்காரன், மந்தம் என்ற முத்திரையோடு வருகிறது. நம் வகுப்பு அப்படி இல்லை. இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, கிரெயோல் என்று மற்றவர்கள் பிரிந்து போனபின் நம்மிடம் மிஞ்சும் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் வீட்டில் பேசுவது கிரெயோல்தான். ‘அ’ எல்லோருக்கும் புதிது. ஜனவரியில் வெறும் கோலமாகத் தெரிந்த ஒன்று ஏப்ரலில் எழுத்தாகத் தெரிகிறது. ஒரு பிள்ளை தன் மூளை மாறுவதைத் தானே கண்ணால் பார்க்கிற இடம் இந்தத் தீவின் பள்ளிகளில் வேறெங்கே இருக்கிறது? விருப்பப்பாடம் என்று நம்மைக் கடைசியில் வைத்திருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு நம்மை விட்டால் ஆளில்லை.

எழுத்து தெரிவது என்றால் மூளைக்குள் என்ன? மனிதன் எழுத ஆரம்பித்து ஐயாயிரம் ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. வாசிப்பதற்கென்று பிறவியிலேயே ஓர் இடம் மூளையில் அமைய அந்தக் காலம் போதாது. பிரான்சின் நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் காட்டியபடி, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதியில் ஒரு துண்டை, இடப்பக்க மூளையின் அடியில், வாசிப்பு தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. சீன எழுத்தானாலும் பிரெஞ்சானாலும் ஏறத்தாழ அதே இடம்தான். பெரியவர்களான பின் எழுதப் படிக்கக் கற்றவர்களிடமும் அந்த இடம் மாறுகிறது. ‘ழ’ தெரிந்த தலையும் தெரியாத தலையும் ஒன்றல்ல என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கண் விரிவதைப் பார்ப்பீர்கள்.

இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் ‘கெ’ விஷயத்தில் அத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்க மாட்டேன். உங்களுக்கும் தெரியும்: ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் காவல். பிரெஞ்சும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பழகிய மூளை ‘எக்’ என்றுதான் வாசிக்கும். அது கவனக்குறைவு இல்லை. நன்றாகக் கற்ற இன்னொரு பாடம் குறுக்கே நிற்கிறது. அதை அப்படியே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது 247. முதல் நாளே அந்தப் பெரிய அட்டையை மாட்டி, “247 எழுத்து” என்று அறிவிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. ஒரே சமயத்தில் நினைவில் ஏந்திப் புரட்ட முடிவது நாலைந்து விஷயங்கள்தான், பெரியவர்களுக்கே அவ்வளவுதான். 12 உயிர், 18 மெய், கொஞ்சம் குறிகள், ஓர் ஆய்தம். மீதி 216ம் அவற்றைக் கூட்டினால் வருபவை. அட்டையைப் பார்த்து மலைத்த பிள்ளை தன்னை மந்தம் என்று முடிவு கட்டிக்கொள்கிறது. மலைத்தது மூளையின் முன்வாசல் சின்னது என்பதால்தான்.

இப்போது பேரனின் நான்கு வாசிப்புக்கு வருகிறேன். இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு கட்டுரையை இரண்டு முறை வாசிக்க வேண்டும். இன்னொன்றை ஒரு முறை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை வாசித்ததே ஜெயித்தது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். இரண்டு முறை வாசித்ததில் 42, மூடிவைத்து எழுதியதில் 56. அடுத்த சோதனையில் ஒரு கூட்டம் வாசித்துக்கொண்டே இருந்தது. சராசரி 14 முறை. இன்னொரு கூட்டம் மூன்று நாலு முறை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அடித்துச் சொன்னவர்கள் 14 முறை வாசித்தவர்கள்தான்.

நம் ஊர் லெசோன் வியாபாரம் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில் நிற்கிறது. சாயங்காலம் திரும்பத் திரும்ப ஓதவைத்து அனுப்புகிறார்கள். வீட்டு வாசலில் அம்மா கேட்டால் பிள்ளை ஒப்பிக்கிறது. காசு வீண் போகவில்லை என்று அம்மாவுக்குத் திருப்தி. மறு வாரம் வகுப்பில் விழிக்கிறபோது, நேற்றுத் தெரிந்தது இன்றைக்குத் தெரியவில்லையே, என் தலைதான் சரியில்லை என்று அந்தப் பிள்ளை முடிவுக்கு வருகிறது. மறதி எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் தலையையே சோதனைக்கூடமாக்கி 1885இல் எழுதி வைத்தார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு மிஞ்சியது என்று அளந்தார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். அப்புறம் மெதுவாகத் தேயும். பாதி மறந்த நிலையில் முக்கி முனகி எடுப்பதுதான் அடுத்த முறைக்கு அதை உறுதியாக்குகிறது. இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்க முடியாது என்கிறீர்களா? “மறந்து போச்சா? நல்லது, இப்போ தேடு. தேடும்போதுதான் பாதை போடுது” என்றேன். பேரனுக்குப் புரிந்தது.

பாதை என்றது வெறும் உவமை இல்லை. எரிக் காண்டெல் என்ற விஞ்ஞானிக்கு 2000இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது கடல் முயல் என்ற ஒருவகைக் கடல் நத்தை. அதற்கு நரம்பணுக்கள் 20,000 போலத்தான். நமக்கு 8,600 கோடி. அதைத் தூண்டித் தூண்டிப் பழக்கியபோது, ஒரே மூச்சில் கொடுத்த பயிற்சி சீக்கிரம் கலைந்துபோனது. நாள் விட்டுப் பிரித்துக் கொடுத்தது வாரக்கணக்கில் நின்றது. அப்படி நின்றபோது நரம்பணுக்களுக்கு நடுவே புதிய இணைப்புகள் முளைத்திருந்தன. கடற்கரைத் தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைவிட நல்ல கதை கிடைக்காது. நான் சொன்ன இடத்திலெல்லாம் எடுபட்டிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் மனப்பாடத்துக்கு எதிரி இல்லை. பிரெஞ்சில் ‘பார் கேர்’ என்கிற மனப்பாடம் என்றாலே மோசம் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. காவடிக் காலத்தில் நம் கோயில்களுக்கு வந்து பாருங்கள். தமிழ் எழுத்தே தெரியாத பாட்டிமார்கள் திருப்புகழை வாய் தவறாமல் பாடுகிறார்கள். பக்கத்தில் அவர்கள் பேத்தி, லத்தீன் எழுத்தில் எழுதிய தாளைக் கையில் பிடித்துப் பத்து வருடமாகப் பாடுகிறாள். தாள் பறந்தால் பாட்டும் பறந்துவிடும். பாட்டிக்கு ஏன் நின்றது? அவர் பார்த்துப் பாடவே இல்லை. கேட்டார், பாராமல் சொன்னார், வெள்ளிக்கிழமை மறுபடி சொன்னார், அடுத்த வருடம் விரதத்தில் மறுபடி. பேத்தி பாவம், ஒவ்வொரு முறையும் வாசிக்கிறாள். பொருள் தெரியாமல் பாடுவது வேறு பிரச்சினை. அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.

நம்மவர்கள் இதை அறியாதவர்களும் இல்லை. நன்னூல் பயிற்சிக்கல்லூரியில் எல்லோரும் படித்ததுதான். பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது ‘கேட்டவை நினைத்தல்’ என்கிறார் பவணந்தியார். ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்கிறார். ஆசான் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும், கூடப் படிக்கிறவர்களோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரை என்று ஒரு கணக்கும் போடுகிறார். 13ஆம் நூற்றாண்டுக் கணக்கு. எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் யாரையும் அளந்து பார்த்துச் சொன்னவரில்லை. ஆனால் அதைத் தேர்வுக்கு எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு, வகுப்பில் போய் “பத்துத் தடவை பார்த்து எழுது” என்றோமே, அது நம் கூத்து.

ஆமாம், பார்த்து எழுது. என் வகுப்பில் நடந்த பெரும்பாவம் அதுதான். ‘ண’ ஒரு பக்கம், ‘ன’ ஒரு பக்கம். முதல் வரியில் பிள்ளை யோசித்து எழுதும். மூன்றாம் வரியில் கை மட்டும் எழுதும், மனசு பந்தாட்டத்தில் இருக்கும். கடைசிச் சில ஆண்டுகளில் மாற்றிக்கொண்டேன். ல, ள, ழ மூன்றையும் கலந்து சொல்லுவேன். பிள்ளைகள் பாராமல் எழுத வேண்டும். முதல் வாரம் தப்பு கொட்டும். பெற்றோர் ஒருவர் நோட்டைக் கொண்டுவந்து, “முன்னெல்லாம் எல்லாம் சரியா இருந்துச்சே சார்” என்று சண்டைக்கு வந்தார். அவர் கேட்டது நியாயம்தான்: கலந்து படித்தால் படிக்கும்போது மோசமாகத் தெரியும், பிறகுதான் பலன் தெரியும். ஓவியர்களின் பாணியை அடையாளம் காணக் கற்பித்த 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில்கூட, கலந்து பார்த்தவர்களே நன்றாகச் செய்தார்கள். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே மேல் என்றுதான் நம்பினார்கள். அதனால்தான் வழியை மாற்றினால் மட்டும் போதாது, ஏன் மாற்றினோம் என்று பிள்ளைக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்கிறேன். காரணம் தெரியாத பிள்ளை கஷ்டத்தைப் பார்த்ததும் பழைய வழிக்கு ஓடிவிடும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நியூயார்க்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 91 பேரை வைத்து, உளவியலாளர் கேரல் டுவெக் குழுவினர் 2007இல் வெளியிட்டது. இரண்டு கூட்டத்துக்கும் படிக்கும் முறைகளைச் சொல்லித்தந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும், கற்கக் கற்க மூளையில் இணைப்புகள் வளர்கின்றன என்பதையும் சேர்த்தார்கள். முறை மட்டும் தெரிந்தவர்களின் கணக்கு மதிப்பெண் சரிந்துகொண்டே போனது. மற்றவர்களிடம் சரிவு நின்றது. இதைப் பிடித்துக்கொண்டு ‘உன்னால் முடியும்’ என்று சுவரெல்லாம் ஒட்டிவிடாதீர்கள். 2019இல் அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 12,000 மாணவர்களிடம் ஒரு மணிக்கும் குறைவான இணையப் பாடமாக இதைச் செய்து பார்த்தபோது, பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த முன்னேற்றம் நான்கு புள்ளி அளவுகோலில் 0.10தான். சின்னது, ஆனால் உண்மையானது. சவாலான வேலையை எடுத்துச் செய்வதைக் கூடப்படிக்கும் பிள்ளைகளே மதிக்கிற பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. ஒரு பேச்சில் எதுவும் ஆகாது. “மூளை வளரும்” என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை முதல் ரேங்க் பிள்ளையை மட்டும் எழுப்பிக் கேள்வி கேட்டால் பிள்ளைகள் எதை நம்பும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் ஏமாந்தவன்தான். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மூன்று வண்ணத்தில் ஓர் அட்டை; ஒரு பயிற்சிப் பட்டறையில் கொடுத்தார்கள். பல வருடம் என் வகுப்புச் சுவரில் இருந்தது. பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தேன். அந்த நம்பிக்கையை ஆராய்ந்த உளவியலாளர்கள் 2008இலேயே, அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார்கள். “நான் காதால் கற்பவன், எழுதமாட்டேன்” என்று அடம்பிடித்த பையன் ஒருவனை அந்த அட்டையால் நானே உண்டாக்கினேன். மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் அதே ரகம். மூளை பற்றிப் பேசுங்கள் என்று கேட்கிறவன் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

தூக்கம் பற்றி ஒரு பத்தி. அக்டோபர் நெருங்கினால் கிரேடு 6 பிள்ளைகளை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுகிற வீடுகள் உங்கள் தெருவிலும் இருக்கும். பகலில் படித்ததைத் தூங்கும்போதுதான் மூளை எடுத்து அடுக்குகிறது. ஹிப்போகாம்பஸ் என்ற சின்ன உறுப்பு அன்றைய வரவைத் திரும்ப ஓட்டிப் பார்த்து மேல்மூளையில் பதிய வைக்கிறது. 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பள்ளி, லெசோன், வீட்டுப்பாடம், நாலு மணி அலாரம் என்று கூட்டிப் பாருங்கள். எதை அறுக்கிறோம்? அறுவடையைத்தான். பெற்றோரிடம் இதைப் பேச நமக்கு வாய்ப்பு இருக்கிறது. கோயிலில் வாரந்தோறும் பார்க்கிறோமே.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். புதுப் புத்தகம் வேண்டாம், சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். ஜனவரியில் முதல் வாரத்தில் அரை மணி, கடல் முயல் கதையில் ஆரம்பியுங்கள். கிரெயோலிலேயே சொல்லுங்கள், தமிழ் வகுப்பில் கிரெயோலா என்று கூச்சப்பட வேண்டாம். 2012 முதல் அதுவும் பள்ளியில் பாடம்தான், அதோடு புரியாத மொழியில் புரிதலைப் பற்றிப் பேசுவது வீண். பிறகு ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் புத்தகம் மூடியிருக்கட்டும். போன வாரம் என்ன, போன மாதம் என்ன என்று வெள்ளைத் தாளில் எழுதட்டும். அதற்கு மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால் அதுவும் பரீட்சையாகிவிடும், பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்க்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளி எச்சரிக்கையில் பள்ளி மூடினால் கவலைப்படாதீர்கள். மறந்துவிட்டு வருவார்கள், தேடவைக்க நல்ல சமயம்.

நம்பாதவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பத்துப் புதுச் சொல். ஒரு பாதிப் பிள்ளைகள் நாலு தடவை வாசிக்கட்டும், மறுபாதி ஒரு தடவை வாசித்து மூன்று தடவை பாராமல் சொல்லட்டும். அன்றே கேட்காதீர்கள், அடுத்த வாரம் கேளுங்கள். விடையைப் பிள்ளைகளே கரும்பலகையில் எண்ணி எழுதட்டும். நான் செய்தபோது முதல் பாதி “ஏமாத்துறீங்க சார்” என்று கத்தி, அடுத்த முறை இடம் மாற்றிக் கேட்டது. மாற்றினேன்.

கூப்பிட்டால் எந்த ஊர்க் கோயில் வகுப்புக்கும் வருகிறேன். பஸ் இருக்கிறது, எனக்கு நேரமும் இருக்கிறது. கையில் வெள்ளைத் தாள் மட்டும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மொரீசியஸ்

பின்குறிப்பு: பேரன் இப்போது கடைக்குப் போனால் நம் ரூபாய்த் தாளில் உள்ள தமிழ் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கும் என்று சொல்லிப் பார்த்த பிறகுதான் விரலை எடுக்கிறான். 200 ரூபாயில் இன்னும் ‘று’வும் ‘ரு’வும் தகராறு. கடைக்காரர் காத்திருக்கிறார்.